காடு இல்லாத புத்தகத்துக்கு 1,450 ரூபா

முதல்ல ஸ்டார் விஷயத்தை சொல்லிப்போடுறன், பிறகு கீழ வாசிக்கிற ஆக்கள் வாசிக்கலாம். ஒன்லைன்ல ஓடர் பண்ணி வந்த புத்தகத்துக்கு 1 ஸ்டார், அதும் அட்டைப்படம் வடிவா இருந்ததுக்கு. எங்கட திருகோணமலை டவுன்ல பழைய புத்தகக்கடையில 700 ரூபாக்கு வாங்கினதுக்கு நாலரை. ரெண்டும் ஒரே நாவல்தான், ஒரே எழுத்தாளர்தான், தொமஸ் ஹார்டி எழுதின ‘த ரிட்டர்ன் ஒஃப் த நேட்டிவ்’. 1878ல வந்தது. ஒண்டுக்கு கடைக்காரனில கோவம், மற்றதுக்கு அரை ஸ்டார் குறைச்சது ஹார்டியிலயே கொஞ்சம் கோவம் இருக்கிறபடியா.

என்ன நடந்ததெண்டா, அக்காட மகள் வெளிவாரியா இங்கிலிஷ் டிகிரி செய்யிறாள், “மாமா, உங்கட கார்ட்ல இந்த புத்தகத்தை ஓடர் பண்ணி விடுங்கோ” எண்டு போன்ல லிங்க் அனுப்பினாள். 1,450 ரூபா, டெலிவரிக்கு 400. படத்தில பழைய இங்கிலாந்து புல்வெளி, மேகம், தூரத்தில ஒரு பொம்பிள. நானும் வேற ஒண்டும் பாக்கேல்ல, அழுத்திப்போட்டன். அஞ்சாம் நாள் கூரியர்காரன் கொண்டந்து தந்தான், பார்சலை கையில வாங்கின உடனயே எனக்கு சந்தேகம், ஏனெண்டா பாரமே இல்ல. உடைச்சுப் பாத்தா 110 பக்கம். அட்டைக்கு பின்னால ஆகச் சின்ன எழுத்தில மாணவர்களுக்காக சுருக்கினது எண்டு போட்டிருக்கு, விக்கிற பேஜ்ல அதைப் பற்றி ஒரு வசனம் இல்ல. மெசேஜ் போட்டன், “பிரிச்ச புத்தகம் திருப்பி எடுக்கிறேல்ல” எண்டு பதில் வந்தது. பிரிக்காம எப்பிடியடா பக்கத்தை எண்ணுறது.

சரி, காசு போச்சு, வாசிச்சாவது பாப்பம் எண்டு ஒரு நைட் டியூட்டியில (நான் உப்புவெளியில ஒரு ஹோட்டல்ல ரிசப்ஷன்) ஒரே இருப்பில முடிச்சன். ரெண்டு மணித்தியாலம். கதை விளங்கிச்சு. பாரிஸ்ல வைர வியாபாரியிட்ட வேலை செய்த பொடியன் ஊருக்கு திரும்பி வாறான், ஊரை விட்டு எப்பிடியாவது ஓடவேணும் எண்டு நிக்கிற வடிவான பெட்டையை கலியாணம் கட்டுறான், அவள் இவனை ஏணியா வைச்சு பாரிஸுக்கு போகலாம் எண்டு பாக்கிறாள், இவன் இங்கயே பள்ளிக்கூடம் துவங்கப்போறன் எண்டு நிக்கிறான், மாமி மருமகள் சண்டை, மாமி சாகிறா, பெட்டையும் பழைய காதலனும் தண்ணியில போய் சாகினம். இவ்வளவுதான். எங்கட சின்னத்திரையில ஆறு மாசம் இழுக்கிற சாமான். இதுக்கா 140 வருஷத்துக்கு மேல உலகம் முழுக்க பிள்ளையளை சோதினைக்கு படிக்க விட்டிருக்கிறாங்கள் எண்டு நினைச்சன், மருமகளிட்டயும் அப்பிடியே சொன்னன். அவள், “மாமா, எங்கட லெக்சரர் முதலாம் அத்தியாயத்தை மட்டும் மூண்டு கிழமை படிப்பிச்சவ” எண்டாள். நான் திரும்பி புத்தகத்தை எடுத்துப் பாக்கிறன், முதலாம் அத்தியாயம் எண்டு இதில கிடக்கிறது நாலு வரி. ஒரு நவம்பர் மாசத்து பின்னேரம், பற்றை வெளி, இருட்டிக்கொண்டு வருது, சரி அடுத்தது.

அந்த நாலு வரிதான் என்னை பழைய புத்தகக்கடைக்கு அனுப்பினது.

கடை தெரிஞ்ச ஆக்களுக்கு தெரியும், மார்க்கெட் பக்கம் சந்துக்குள்ள, வெளியில பழைய சோதினைப் பேப்பர் கட்டு தொங்கும், உள்ள ஒரு ஆள் நிண்டா மற்ற ஆள் வெளிய நிக்கவேணும். மின்விசிறி இருக்கு, ஆனா போட்டா பேப்பர் பறக்கும் எண்டு ஐயா போடமாட்டார், கச்சான் காத்து அடிக்கிற வெயில் காலத்தில அதுக்குள்ள பத்து நிமிசம் நிண்டா சேட்டு முதுகோட ஒட்டிப்போகும். ஐயாக்கு புத்தகம் எங்க கிடக்கு எண்டு தெரியாது, ஆனா இருக்கா இல்லையா எண்டு தெரியும், அது ஒரு தனிக் கலை. ஹார்டி எண்டு சொன்னதும், “இருக்கு தம்பி, தேடும்” எண்டார். தேடுறன், அவர் கதைக்கிறார். அவருக்கு இங்கிலிஷ் எழுத்தாளர் எண்டா ஜேன் ஒஸ்டின்தான், ஏனெண்டா அவட தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின், கடற்படை அட்மிரல், 1852ல பர்மாவில வருத்தம் வந்து செத்து எங்கட திருகோணமலையிலதான் புதைச்சுக் கிடக்கிறார். கடைக்கு வாற ஒவ்வொருத்தருக்கும் இதை சொல்லுவார் எண்டு நினைக்கிறன், எனக்கு இது மூண்டாம் தரம். ஆனா நல்ல விஷயம்தானே, கேட்டுக்கொண்டே தேடினா அடித்தட்டில, ஒரு கணக்கியல் கைட்டுக்கு கீழ, மொத்தமான ஒரு பேப்பர்பேக். 700 எண்டார். 600 கேட்டன். “தம்பி, 400 பக்கத்துக்கு மேல” எண்டார், அதுக்கு மேல நான் ஒண்டும் கதைக்கேல்ல.

புத்தகத்தின்ட நிலை: முதுகு வெடிச்சிருக்கு, ஆனா பக்கம் கழரேல்ல. இராமபாணப் பூச்சி மேல் ஓரத்தை கொஞ்சம் திண்டிருக்கு, எழுத்தில கை வைக்கேல்ல. எழுத்து சின்னன், நாப்பது தாண்டின ஆக்கள் கண்ணாடியோடதான் இருக்கவேணும். முன்னுரை, பின்குறிப்பு எல்லாம் முழுசா இருக்கு. முந்தி வைச்சிருந்த ஆரோ பென்சிலால கோடு போட்டிருக்கிறார், அதும் எல்லாக் கோடும் அந்த வடிவான பெட்டை யூஸ்டேசியா வாற இடத்தில மட்டும். ஆர் எண்டு தெரியாது, ஆனா விளங்குது.

முழுப் புத்தகத்தில முதலாம் அத்தியாயத்தில மனுசரே இல்ல. ஒருத்தரும் இல்ல. எக்டன் ஹீத் எண்ட பற்றை வெளி மட்டும், பொழுது படுற நேரம், வானம் இன்னும் வெளிச்சமா இருக்கு, நிலம் அதுக்கு முதலே இருட்டிப் போச்சு, மேல பாத்தா இன்னும் கொஞ்சம் வேலை செய்யலாம், கீழ பாத்தா வீட்டை போகவேணும் எண்ட மாதிரி. ரெண்டாம் அத்தியாயத்திலதான் மனுசர் வருகினம், தலைப்பே மனுசரும் கரைச்சலும் கையைக் கோத்துக்கொண்டு வருகினம் எண்ட கருத்திலதான் வைச்சிருக்கிறார். எனக்கு சத்தியமா ஏலெவல் தமிழ் வாத்தியார் ஞாபகம் வந்தார். முதல், கரு, உரி எண்டு கரும்பலகையில எழுதி, முதற்பொருள் எண்டா நிலமும் பொழுதும், அதை வைச்சபிறகுதான் மனுசன்ட உணர்ச்சி எண்டு சொல்லிச் சொல்லி எங்கட மண்டையில அடிச்சவர். ஹார்டி தொல்காப்பியம் படிச்சிருக்க மாட்டார், ஆனா முதலாம் அத்தியாயம் முழுக்க நிலமும் பொழுதும்தான், கருப்பொருள் கொஞ்சம் கொஞ்சமா, உரிப்பொருள் பிறகு ஆறுதலா. இதை வெட்டிப்போட்டு கதையை மட்டும் தந்தா, திணை இல்லாத அகப்பாட்டு மாதிரி, ஆரோ ஆரையோ நினைச்சு அழுகினம், எங்கயிருந்து அழுகினம் எண்டு தெரியாது.

இன்னொண்டு கவனிச்சன், ஒரே நிலம்தான், ஆனா காலம் மாற அதுவே வேறயாகுது. புத்தகம் துவங்கேக்க நவம்பர் பொழுதுபட, காத்திருக்கிற பெட்டை, நெருப்பு வைச்சு ஆளுக்கு சிக்னல் குடுக்கிறாள், கையில தாத்தான்ட டெலஸ்கோப், மணல் கடிகாரம், கிட்டத்தட்ட முல்லை எண்டு சொல்லிப்போடலாம், ஆனா முல்லையில காத்திருக்கிறவள் பொறுமையா இருப்பாள், இவளுக்கு அது சுத்தமா இல்ல. பிறகு ஓகஸ்ட் வருது, அதே வெளி காஞ்சு பாலையாகுது, முல்லையும் குறிஞ்சியும் திரிஞ்சா பாலை எண்டு சிலப்பதிகாரத்தில வருமே, அதேதான், அங்கதான் தாய் சாகிறா.

அந்த இடத்தை கொஞ்சம் சொல்லவேணும், இதுக்காகத்தான் நான் இந்த ரிவியூவே எழுதுறன்.

மிஸிஸ் யோப்ரைட், பொடியன்ட தாய், மருமகளோட கோவம், கனநாள் கதை இல்ல. ஓகஸ்ட் 31, கொதிக்கிற வெயில், சமாதானமாகலாம் எண்டு வெளியைக் கடந்து மகன்ட வீட்டை தேடி நடக்கிறா. வழியில முன்னால ஒரு பற்றை வெட்டுறவன் போறான். மகன் க்ளிமுக்கு அந்த நேரம் கண் வருத்தம், வாசிச்சு வாசிச்சு கண் பழுதாகி, படிப்பு வேலை செய்ய ஏலாம, முள்ளுப்பற்றை வெட்டி விறகுக்கட்டு கட்டுற கூலி வேலைக்கு போயிட்டான். அவன் வேலை செய்யிறதை ஹார்டி முந்தியே எழுதியிருக்கிறார் பாருங்கோ, தோல் கவசம் காலில, கண்ணுக்கு கண்ணாடி, தேனீ காதைச் சுத்தி இரையுது, அந்த வெளியில மட்டும் இருக்கிற மஞ்சள் வண்ணத்துப்பூச்சி குனிஞ்ச முதுகில வந்து இருக்குது, பச்சை வெட்டுக்கிளி கால்ல விழுந்து உருளுது, முயல்குட்டி பயமில்லாம வந்து வெயில் காயுது. அந்த பெரிய பச்சைக்குள்ள அவன் ஒரு மண்ணிறப் புள்ளி, அவ்வளவுதான். இப்ப அதே புள்ளியைத்தான் தாய் பாக்கிறா, மகன் எண்டு தெரியேல்ல. ஒரு பூச்சி மாதிரி, அந்த வெளியில ஒட்டிக்கிடக்கிற ஒண்டு மாதிரித்தான் தெரியுது. அவ அவன்ட பின்னால வழி பிடிச்சு நடக்கிறா. அப்ப நடையைப் பாக்கிறா. இந்த நடை எங்கயோ பாத்த நடை எண்டு வருது, செத்துப்போன தன்ட புருசன்ட நடை எண்டு வருது, அதுக்குப் பிறகுதான் இது என்ட பிள்ளை எண்டு வருது. பாருங்கோ அந்த வரிசையை. உடுப்பு இல்ல, முகம் இல்ல, படிப்பு இல்ல, பாரிஸ் இல்ல, எல்லாத்தையும் அந்த வெளி திண்டு போட்டுது, மிஞ்சினது தகப்பன்ட நடை மட்டும்.

சுருக்கின புத்தகத்தில இது எப்பிடி இருக்கு தெரியுமா? “வழியில தன் மகன் விறகு வெட்டுவதை அவள் கண்டாள்.” இங்கிலிஷ்ல இதே கருத்தில ஒரு வசனம். முடிஞ்சுது. நான் ரெண்டு புத்தகத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சு பாத்துப்போட்டு அந்த 1,450ஐ நினைச்சு திரும்பவும் ஒருக்கா கொதிச்சன்.

எனக்கு இது ஏன் இவ்வளவு பிடிபட்டதெண்டா, நான் கட்டார்ல ஒம்பது வருஷம் இருந்துபோட்டு வந்தவன். வந்து ரெண்டாம் நாள் டச்பே கரையால நடந்து போறன், தொப்பி, கறுத்தக் கண்ணாடி, முகத்தில தாடி, முந்தி ஒல்லி இப்ப இல்ல. தூரத்தில வள்ளத்துக்கு பக்கத்தில வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு வயசான ஆள் எழும்பாமலே என்ட அப்பான்ட பேரைச் சொல்லி, “அவன்ட மோன்தானே நீ” எண்டு கத்தினார். எப்பிடி தெரியும் எண்டு கேட்டதுக்கு, “நடை” எண்டார், திரும்பி வலையைப் பாக்கத் துவங்கிட்டார். அப்பா இடது காலை கொஞ்சம் இழுத்து நடப்பார். நான் இழுக்கிறேல்ல எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான்.

சரி, தாயின்ட கதைக்கு வாறன். வீட்டை போய் தட்டுறா, மகன் உள்ள நித்திரை, மருமகளோட அந்த நேரம் பழைய காதலன் வைல்டீவ் நிக்கிறான், கதவு திறபடேல்ல, ஆனா சன்னல்ல மருமகள்ட முகம் தெரிஞ்சது. மகன்தான் கதவைப் பூட்டச் சொல்லிப்போட்டான் எண்டு நினைச்சு திரும்பி அதே வெயிலுக்குள்ள நடக்கிறா. களைச்சு ஒரு புல்லுப் பத்தையில இருக்கிறா, முன்னால எறும்பு சாரை போகுது. பல வருஷமா இந்த இடத்தில இந்த எறும்பு இப்பிடித்தான் போய் வருது எண்டு அவவுக்கு ஞாபகம் வருது. மேல ஒரு கொக்கு தண்ணியில இருந்து எழும்பி, செட்டை வெயில்ல மினுங்க, பறந்து போகுது. பிறகு விரியன் கடி. ஊர் ஆக்கள் வந்து விரியன் பாம்பு பிடிச்சு அதின்ட கொழுப்பை உருக்கி கடிவாயில பூசினம், எங்கட விஷகடி பரியாரியை தேடி ஓடுறதை கண்ட ஆக்களுக்கு இது ஒண்டும் புதுசா இருக்காது. ஒருக்கா கச்சான் காலத்தில கன்னியாவில இருந்து வரேக்க மோட்டசைக்கிள் பஞ்சராகி தள்ளிக்கொண்டு நடந்தவன் நான், ரெண்டு பக்கமும் காஞ்ச பற்றை, அனல் காத்து நேர முகத்தில, ஒரு நாய் கூட ரோட்டில இல்ல, எட்டுக் கிலோமீட்டர் கூட முழுசா இல்ல, அதுக்கே எனக்கு பிள்ளையள் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்த தாய் நடந்ததை நான் நம்புறன்.

யூஸ்டேசியாவைப் பற்றி ஆக்கள் சண்டை பிடிப்பினம், நான் அவள்ட பக்கம், முழுக்க இல்ல, முக்கால்வாசி. அவள் அந்த வெளியில பிறக்கேல்ல, கடற்கரை டவுன்ல பிறந்து, தகப்பன் கோர்ஃபு தீவுக்காரன், பாண்ட் வாசிக்கிற ஆள், தாய் தகப்பன் செத்தபிறகு கிழட்டுக் கப்பல் கப்டன் தாத்தாவோட வந்து மாட்டுப்பட்டவள். ஊரே அவளை சூனியக்காரி எண்டுது, ஒருத்தி கோயில்ல வைச்சு ஊசியால குத்துறாள், பிறகு மெழுகில பாவை செய்து குண்டூசி குத்தி நெருப்பில உருக்கிறாள். இவ்வளத்துக்கும் பிறகு இந்த மண்ணை விரும்பு எண்டா எப்பிடி? ஆனா வேடிக்கை, அவள் வெறுக்கிற இருட்டு, காத்து, தனிமை எல்லாம் அவளுக்குள்ளயே கிடக்கு, அந்த மேட்டுக்கு மேல அவள் நிக்கேக்க மேடும் அவளும் வேற வேற எண்டு தெரியாது எண்ட மாதிரித்தான் ஹார்டி அவளை முதல் முதல் காட்டுறார். க்ளிமை எனக்கு பெரிசா பிடிக்கேல்ல. ஊருக்கு நல்லது செய்யப்போறன் எண்டு வந்த ஆள், ஆனா வீட்டில இருக்கிறவளுக்கு என்ன வேணும் எண்டு ஒரு நாள் ஒழுங்கா கேக்கேல்ல. பற்றை வெட்டிக்கொண்டு சந்தோசமா பிரெஞ்சுப் பாட்டு படிக்கிறான், அதை அவள் கேட்டு வெக்கத்தில அழுறாள். இவன்ட சந்தோசம் அவளுக்கு அவமானம். வெளிநாட்டில இருந்து திரும்பி வந்த ஆக்கள்ட வீடுகள்ல இந்த சீன் நடக்காத வீட்டை காட்டுங்கோ பாப்பம்.

சிரிக்கிற இடமும் இருக்கு, நெருப்பைச் சுத்தி நிண்டு ஊர்க்கதை கதைக்கிற ஆக்கள், தம்பலகாமத்தில கோயில் வீதியில பொழுதுபட குந்தியிருந்து கதைக்கிற ஆக்கள் மாதிரியே. அதில ஒருத்தன் நிலவில்லாத இரவில பிறந்தபடியா தான் சரியான ஆம்பிளையே இல்லை எண்டு நம்பிக்கொண்டிருக்கிறான், பாவம். ஆகப் பிடிச்ச சீன் சூதாட்டம்: ராத்திரி நடு வெளியில வைல்டீவும் செங்காவி விக்கிற டிகரி வென்னும் (ஆட்டுக்கு குறி போடுற காவி, ஆள் தலையில இருந்து கால் வரை சிவப்பு) தாயம் உருட்டுறாங்கள், பெரிய ஒரு அந்துப்பூச்சி வந்து மெழுகுதிரியை அணைச்சுப்போடுது, நெருப்புப்பெட்டி இல்ல, பதின்மூண்டு மின்மினிப் புழுவைப் பிடிச்சு கல்லில வட்டமா வைச்சு அந்த வெளிச்சத்தில விளையாடுறாங்கள். அதுக்கு கொஞ்சம் முதல் சுத்திப் பாத்தா நாப்பது அம்பது காட்டுக் குட்டைக்குதிரை வட்டமா நிண்டு இவங்களையே பாக்குது. பிரட்ரிக் கோட்டைக்குள்ள இருட்டினபிறகு போய் திடீரெண்டு திரும்பிப் பாத்தா மான் எல்லாம் ஒரே பக்கம் தலையை வைச்சு எங்களைப் பாத்துக்கொண்டு நிக்குமே, அப்பிடி. சுருக்கினதில இந்த சூதாட்டம் இருக்கு, காசு ஆர் வெண்டது எண்டு இருக்கு. பூச்சியும் இல்ல குதிரையும் இல்ல.

அரை ஸ்டார் ஏன் குறைச்சனான் எண்டா, யூஸ்டேசியாவை வர்ணிக்க எண்டு ஒரு முழு அத்தியாயம் இருக்கு, கிரேக்க தெய்வம் ஒண்டு விடாம இழுத்து வைச்சிருக்கிறார், எனக்கு ரெண்டு தரம் நித்திரை வந்தது. மற்றது கடைசி. ஆறு பாகத்தில ஆறாவது பாகம் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு, காவிக்காரன் சிவப்பைக் கழுவிப்போட்டு வெள்ளையா வந்து கலியாணம் கட்டுறான். எனக்கு இது பொருந்தேல்ல எண்டு நினைச்சுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினா அடியில ஹார்டியே குறிப்பு போட்டிருக்கிறார், 1912 பதிப்பில சேர்த்தது, முதல்ல தான் இந்தக் கலியாணத்தை நினைக்கேல்ல, அவன் ஒருத்தருக்கும் சொல்லாம வெளியை விட்டு மறைஞ்சு போறதாத்தான் இருந்தது, பத்திரிகையில தொடரா வந்தபடியா மாத்தவேண்டி வந்தது, எந்த முடிவு வேணுமோ நீங்களே தெரிவு செய்யுங்கோ எண்டு. நல்ல மனுசன்தான், ஆனா 400 பக்கம் வாசிச்ச எனக்கு சொல்லுற நேரமா இது. சிவப்பாவே அவன் போயிருக்கவேணும். அந்த மண்ணின்ட நிறம் அவன்ட தோலில ஏறினது, அதை சவுக்காரம் போட்டு கழுவி எடுத்துப்போட்டா பிறகு அவன் ஆர்?

வாங்கப்போற ஆக்கள் புத்தகத்தைத் திறந்து முதலாம் அத்தியாயம் எத்தனை பக்கம் எண்டு பாருங்கோ, ஒரு பக்கத்துக்குள்ள முடிஞ்சா வைச்சுப்போட்டு வாங்கோ. இங்கிலிஷ் கஷ்டம், அது உண்மை, நான் பத்துப் பக்கத்துக்கு ஒருக்கா போன்ல அகராதி பாத்தன், ஒரு மாசம் போச்சு. ஒன்லைன் புத்தகத்தை மருமகள் கேட்டாள், சோதினைக்கு முதல் நாள் கதையை ஞாபகப்படுத்த உதவும் எண்டு. குடுத்துப்போட்டன். முழுப் புத்தகத்தையும் கேட்டாள், குடுக்கேல்ல, அதுக்குள்ள இப்ப டச்பே மண் கனக்க கிடக்கு. ஐயாட்ட இன்னொரு பிரதி இருக்கு எண்டு அவளிட்ட சொன்னன், அட்டை இல்ல, 300தான் கேப்பார். வெள்ளிக்கிழமை போறதெண்டா பன்ரெண்டு மணிக்கு முதல் போங்கோ, பிறகு பூட்டிப்போட்டு சாப்பிடப் போவார், எப்ப திறப்பார் எண்டு அவருக்கே தெரியாது.